காஞ்சீபுரத்துக்காரன் வாங்கிய ஓடம்

காஞ்சீபுரத்தில் என்ன இல்லை? கோயில்களுக்குக் குறைவில்லை, பட்டுக்குக் குறைவில்லை, மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்டிலிக்கும் குறைவில்லை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: சமுத்திரம். அதுவும் ஒரு காலத்தில், காகித அளவிலாவது, எங்களுக்கு இருக்கத்தான் இருந்தது. மாமல்லபுரமும் கோவளமும் காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர்களாயிருந்தன. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது கடற்கரை முழுவதும் அதனுடன் போய்விட்டது. ஒரே ஓர் உத்தரவில் ஒரு சமுத்திரத்தையே இழந்த பெருமை எங்கள் ஊருக்கு உண்டு!

அப்படிப்பட்ட ஊரில், குழித் தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டு நெய்த ஒருவன், “மீன்பிடிப் படகு ஒன்று வாங்கப் போகிறேன்” என்று சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மற்றவர்கள் நினைத்தது எனக்குத் தெரியாது. என் மனைவி நினைத்தது தெரியும். ஏனெனில் அவள் அதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளவில்லை.

“சந்தைக்கு அனுப்பினால் நேற்றுப் பிடித்த மீன் எது, இன்று பிடித்த மீன் எது என்று தெரியாமல் வாங்கி வருகிறீர்கள். உங்களுக்குப் படகு எதற்கு?” என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் ஐம்பது அறுபது வருஷம் பின்னால் போக வேண்டும். நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் என்னோடு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

* * *

எங்கள் தொழிலில், ஊடை நூலைத் தாங்கிக்கொண்டு பாவின் குறுக்கே இப்புறமும் அப்புறமும் ஓடும் கருவிக்கு நாடா என்று பெயர். இரு முனையும் கூர்ந்து, நடு வயிறு குழிந்து, பார்ப்பதற்கு ஒரு சின்னஞ் சிறு படகைப் போலவே அது இருக்கும். இது என் கற்பனையன்று. பழைய அகராதிகளைப் புரட்டிப் பார்த்தால் நெசவு நாடாவுக்கு ‘ஓடம்’ என்றும் ஒரு பெயர் காணலாம். நம் முன்னோர்களுக்கும் அதே தோற்றம் தோன்றியிருக்கிறது.

காஞ்சீபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். புடவை கிழிந்தாலும் கிழியலாம். நன்றாகக் கோத்த கரை பிரியாது. ஆனால் இந்த வேலைக்கு ஓர் ஆள் போதாது. நெய்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர ஒரு துணை வேண்டும். அந்தக் காலத்தில் அந்தத் துணை பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். 1966-ஆம் வருஷம், எட்டாவது வயதில், என் தகப்பனாரின் தறியில் நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துப் பலகையை விட்டுத் தறிப் பலகைக்கு ஏன் வந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காலை முதல் மாலை வரையில் ஓர் ஓடத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் பையனுக்கு ஓடத்தைப் பற்றிய கனவு வராமல் வேறு என்ன வரும்? வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் தீர்த்தத்தில் தெப்ப உற்சவம் நடக்கும்போது ஊரெல்லாம் பெருமாளைத் தரிசிக்கும்; நான் தெப்பத்தைத் தரிசிப்பேன். விளக்குகள் தண்ணீரில் ஆட, அது குளத்தைச் சுற்றி வரும். சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். எனக்கு அது பெருத்த ஏமாற்றமாயிருக்கும். எங்கள் நாடாவும் அப்படித்தானே? நாளெல்லாம் ஓடியும் ஒரு புடவை அகலத்தை அது தாண்டினதில்லை. ஓர் ஓடம் என்றால் கண்ணுக்கு எட்டாத தூரம் போக வேண்டாமா?

1970-இல், எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, உறவினர் ஒருவர் என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றார். காஞ்சீபுரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாகச் சுமார் 65 கிலோ மீட்டர் பிரயாணம். பெரியவர்கள் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நழுவி, அடுத்திருந்த குப்பத்துக் கரைக்குப் போய்விட்டேன். அங்கே என்னைவிட இரண்டு வயது பெரிய பையன் ஒருவன் நாலைந்து மரங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, உங்கள் படகு எங்கே?” என்று கேட்டேன்.

“இதுதான்” என்றான்.

நான் நம்பவில்லை. பக்கம் இல்லை, பள்ளம் இல்லை. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. “தண்ணீர் உள்ளே வராதா?” என்றேன்.

“வரும், வந்த வழியே போய்விடும். உள்ளே தங்கினால் அல்லவா முழுகுவதற்கு?” என்றான் அவன்.

அன்று முதல் அவர் எனக்கு அண்ணன். நான் அவருக்குத் தம்பி.

* * *

கட்டுமரத்தை இளப்பமாக நினைத்த முதல் ஆசாமி நான் அல்ல. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில் அதைக் கண்டு, 1697-இல் வெளியிட்ட தம் பிரயாண நூலில் அதன் பெயரோடு எழுதி வைத்தார். பின்னர் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்து, எப்படியோ இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றித் தனியாக ஓர் ஆராய்ச்சியே வெளியிட்டார். நாம் விறகு என்று நினைப்பதை ஊன்றிப் பார்க்கிறவர்கள் சாஸ்திரம் என்று அறிந்துகொள்கிறார்கள்.

அந்தச் சாஸ்திரத்தின் சாரம் இதுதான். எங்கள் பக்கத்துக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடல், கரையோரத்தில் அலை உடைந்துகொண்டே இருக்கும். ஆகவே இங்கே ஒரு படகு தன் வித்தையை நடுக்கடலில் காட்டினால் மட்டும் போதாது; முதல் நூறு கஜத்திலேயே காட்ட வேண்டும். கட்டுமரம் அலையோடு மல்லுக்கு நிற்பதில்லை. அலையைத் தன்னூடே போக விட்டுவிடுகிறது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தலாம். தண்ணீர் குடித்த மரம் கனக்கும் என்பதால் உலர்த்தியே ஆகவேண்டும்.

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல் பிரயாணிகளைக் கரை சேர்த்த மசூலாப் படகும் இதே புத்தியில் பிறந்ததுதான். அதன் பலகைகளில் ஆணி கிடையாது; தென்னங் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் விறைத்து நின்று உடையும். தைத்த படகு வளைந்து கொடுத்துப் பிழைக்கும். இதைக் கேட்டபோது எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. சமுத்திரத்தையே நூலால் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள் என்றால், நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குப் பெருமையாக இராதா?

ஆகவே என் கனவுப் படகு அன்றே முடிவாகிவிட்டது. அது மரத்தால் ஆனது; கயிற்றால் தைத்தது; எங்கள் புடவைக் கரையைப் போலவே அரக்கு நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. அதை நான் ஐம்பது வருஷம் மனத்தில் ஓட்டினேன். அதில் ஒரு செலவும் இல்லை.

* * *

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப் பேரலை வந்தது. அண்ணன் அப்போது கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார். கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் வலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவர், மனைவியையும் மகனையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். மூவரும் பிழைத்தார்கள். மறுநாள் நான் அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு போனபோது அவருடைய வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. கட்டுமரத்தில் ஒரே ஒரு மரம் மட்டும் சவுக்குத் தோப்பில் கிடைத்தது.

அதற்குப் பின் கடற்கரை முழுவதும் நிவாரணமாகக் கண்ணாடி இழைப் படகுகள் வந்தன. ‘ஃபைபர் படகு’ என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். உதவியவர்களின் நல்லெண்ணத்துக்குக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அவசரத்தில் செய்த படகுகளில் பல இலேசாயிருந்தன என்பது கடற்கரையில் எல்லோரும் அறிந்த சமாசாரம். அண்ணனுக்கு நாலு குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு படகு வந்தது. சில வருஷங்களில் அதன் அடிப்பாகம் வெடித்தது. பிறகு அவர் சொந்தமாக ஒன்று வாங்கினார். பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சென்ற வருஷம் அந்தப் படகும் ஓய்ந்தது. எனக்கும் கண் பார்வை மங்கி, நான் தறியிலிருந்து இறங்கினேன். கையில் ஆயுட்கால சேமிப்பு என்று ஒரு தொகை இருந்தது. பெண்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. “பாதியை எனக்குக் கொடு” என்று என் மனைவியிடம் கேட்டேன். “கடலும் கையும் அண்ணனுடையவை, பணம் நம்முடையது, படகு இரண்டு பேருக்கும்” என்று விளக்கினேன். அப்போதுதான் அவள் மேற்சொன்ன கேள்வியைக் கேட்டது.

ஆனாலும் மறுநாள் காலை பாதியை எடுத்து வைத்தாள். “மீதிப் பாதியைப் பற்றிக் கனவு காண வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள்.

* * *

படகு பார்க்கும் படலம் தொடங்கிற்று. பெண் பார்ப்பதைவிட இது கடினமான காரியம் என்பதை அனுபவத்தில் சொல்லுகிறேன்.

முதலில் என் கனவுப் படகைப் பற்றி அண்ணனிடம் பிரஸ்தாபித்தேன். தைத்த படகு, அரக்குப் பட்டை, எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் அவருடைய பெருந்தன்மை.

“தம்பி, அது கரைவலை போடுகிறவர்களுக்கு ஏற்றது. வலை இழுக்கவே ஒரு தெருவு ஜனம் வேண்டும். தைக்கத் தெரிந்தவரைத் தேடி எத்தனை ஊர் போவோம்? உன் படகை நீ மனத்திலேயே வைத்துக்கொள், அங்கேதான் அதற்குச் சேதம் இல்லை” என்றார்.

காசிமேட்டில் நிற்கும் பெரிய விசைப்படகுகளைப் பார்த்து ஒரு நாள் பெருமூச்சு விட்டேன். “இதை நம் குப்பத்தில் எங்கே நிறுத்துவாய்? இது துறைமுகத்தில் கட்டுகிற யானை. நமக்கு மணலில் ஏறுகிற ஆடுதான் வேண்டும்” என்றார் அண்ணன்.

பிறகு அவருடைய மகன் எங்களை ஒரு படகுப் பட்டறைக்கு அழைத்துச் சென்றான். அங்கே நின்றது ஒரு படகு! முப்பத்திரண்டு அடி நீளம், ஆகாச நீலம், மூக்கை உயர்த்திக்கொண்டு, ‘என்னை எப்போது தண்ணீரில் விடப் போகிறீர்கள்?’ என்று கேட்பது போல் நின்றது. ஐம்பது வருஷக் கனவை ஒரு நொடியில் மறந்தேன். மரம் என்ன, கயிறு என்ன! இதில் அரக்குப் பட்டை அடித்தால் எப்படி இருக்கும் என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

மகன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “சித்தப்பா, மீன் முன்னைப் போல் கரையோரத்தில் இல்லை. வஞ்சிரத்தைத் தேடித் தூரம் போக வேண்டியிருக்கிறது. பெரிய படகு, பெரிய எஞ்சின் இருந்தால் போய்த் திரும்பலாம். சின்னப் படகில் போனால் சங்கராவும் கவளையும்தான்” என்றான்.

“விலை?” என்றேன்.

எஞ்சினும் வலையும் சேர்த்து அவன் சொன்ன தொகை எங்கள் கையிலிருந்ததைப் போல் இரண்டு மடங்கு.

“மீதிக்கு ஏற்பாடு இருக்கிறது” என்று அவன் ஒரு வியாபாரியிடம் அழைத்துப் போனான். அவர் மிகுந்த மரியாதையுள்ள மனிதர். எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். குடும்பக்ஷேமம் விசாரித்தார். பிறகு சொன்னார்: “பணத்துக்கு நான் வட்டியே கேட்கவில்லை. தருகிற மீனை என்னிடமே தாருங்கள், அது போதும்.”

காப்பி என் தொண்டையில் நின்றுவிட்டது.

* * *

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். மீன் என்ற இடத்தில் புடவை என்று வைத்துக்கொண்டால் ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை.

1966-இல் என் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. என் தகப்பனார் பட்டு முதலாளி ஒருவரிடம் முன்பணம் கேட்டார். “வட்டி வேண்டாம், என் பாவையே நெய்து கொடு, அது போதும்” என்றார் அவர். அப்பாவுக்கு அது தெய்வத்தின் வாக்காகத் தோன்றிற்று. வட்டியில்லாத கடனுக்கு அடையாளம் என்ன தெரியுமா? அது தீர்வதில்லை. கூலியை அவர் வைத்ததுதான். வேறு இடத்தில் கூலி உயர்ந்தாலும் இந்தத் தறியை விட்டுப் போக முடியாது; போக வேண்டுமானால் முழுப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். மழைக் காலத்தில் பாவு கிடைக்காது. அப்போது மேலும் கொஞ்சம் முன்பணம். துணைக்கு ஆள் வைத்தால் அவருக்குக் கூலி தர வேண்டும். ஆகவே பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தித் தறியில் உட்கார வைத்தார் அப்பா. முதல் நாள் நாடாவை என் கையில் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாபாரியிடம் “யோசித்துச் சொல்கிறோம்” என்று எழுந்து வந்தோம். கடற்கரைக்கு வந்து, சவுக்குத் தோப்பில் அகப்பட்ட அந்தப் பழைய மரத்தின் மேல் மூவரும் உட்கார்ந்தோம். அண்ணன் அதை வீட்டு வாசலில் ஆசனமாகப் போட்டிருக்கிறார். நான் என் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷச் சிநேகத்தில் அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அண்ணன் வெகு நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பழைய படகும் அப்படி வாங்கினதுதான், தம்பி. பன்னிரண்டு வருஷம். பக்கத்தில் ஏலம் கூவிக்கொண்டிருப்பான்; என் மீன் ஏலத்துக்குப் போகாது. அவர் எழுதுகிறதுதான் விலை. அதிலும் கழிவு எடுத்துக்கொள்வார். படகு செத்துப்போன மாதத்தில்தான் கடன் தீர்ந்தது.”

படகில் கிடைப்பதைப் பங்கிடும் முறையை நேயர்களுக்கு இங்கே சொல்லவேண்டும். விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவு, பனிக்கட்டிச் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். கடலுக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் பங்கு உண்டு. படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. ஊருக்கு ஊர் கணக்கு மாறும்; ஆனால் எல்லா ஊரிலும் அடிப்படை ஒன்றுதான். மீன் நல்ல விலைக்குப் போனால் எல்லோருக்கும் நல்லது. விலையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், படகுக்காரர் மட்டுமல்ல, அதில் ஏறுகிற அத்தனை ஆட்களும் அந்தக் கடனைச் சுமக்கிறார்கள். வாங்காத கடனைச் சுமப்பது எப்படியிருக்கும் என்பதை எட்டு வயதில் அறிந்தவன் நான்.

மகன் தலை நிமிரவில்லை. கடைசியில், “உங்கள் அப்பா அந்தக் கடனை எப்போது அடைத்தார், சித்தப்பா?” என்று கேட்டான்.

“அவர் அடைக்கவில்லை, அவர் காலமாகிவிட்டார். நான் அடைத்தேன். 1989-இல், எனக்கு முப்பத்தொன்றாவது வயதில்” என்றேன்.

அவனுடைய ஐந்து வயதுப் பையன் அப்போது அலையோரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். மகன் அவனைப் பார்த்தான். பிறகு, “சின்னப் படகே பார்ப்போம், ஆனால் எஞ்சின் புதிதாக இருக்க வேண்டும்” என்றான். அந்த ஒப்பந்தத்தை நாங்கள் இருவரும் உடனே ஏற்றுக்கொண்டோம்.

* * *

பக்கத்துக் குப்பத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு இருந்தது. உடையவரின் பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்கள். இருபத்தாறு அடி, வெயிலில் வெளுத்துப்போன பச்சை நிறம். பார்த்தவுடன் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் பார்த்த விதமே வேறு. நிறத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. விரல் கணுவால் முனையிலிருந்து முனை வரையில் தட்டிக்கொண்டே போனார். ஒரே மாதிரி கெட்டியான சத்தம் வந்தால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. பிறகு கவிழ்த்துப் போடச் சொன்னார். மணலில் இழுத்து இழுத்து அடித்தண்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தார். எஞ்சின் மாட்டும் பின் பலகையை அசைத்துப் பார்த்தார். மிதப்புக்காக இரு கோடியிலும் அடைத்திருக்கும் அறைகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று துளையைத் திறந்து முகர்ந்தார். எத்தனை பேர் தள்ளினால் மணலில் ஏறுகிறது என்று எண்ணினார். கடைசியில், அலை சற்றுப் புரண்டிருந்த ஒரு காலையில், மகனையும் இன்னும் இருவரையும் ஏற்றிக்கொண்டு உடையும் அலையூடே மூன்று முறை போய்த் திரும்பினார்.

நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்குப் புடவை வாங்க வருகிறவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். ஜரிகை பளபளக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். புடவையைத் திருப்பிக் கரையின் கோர்வையைத் தடவிப் பார்க்கிறவர் நூற்றில் ஒருவர். அந்தத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றி நாற்பது வருஷம் குறை சொன்ன நான், நீல நிறத்தைப் பார்த்து மயங்கினேனே என்று வெட்கமாயிருந்தது.

கரை ஏறியதும் அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார்: “நல்ல படகு.”

அடித்தண்டில் ஓர் இடத்தில் மட்டும் புதிதாக இழை வைத்துப் பூசினோம். புது எஞ்சின் வாங்கினோம். ஒரு சல்லிக் கடன் இல்லாமல் எல்லாம் முடிந்து, வண்ணத்துக்குக் கொஞ்சம் மிஞ்சிற்று. பச்சையின் மேல் அரக்குப் பட்டை ஒன்று நானே அடித்தேன். கோணலாகத்தான் இருக்கிறது. “கடலுக்குள் யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று அண்ணன் ஆறுதல் சொன்னார்.

தை மாதத்தில் ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஐம்பது வருஷம் மனத்தில் சமுத்திரம் ஓட்டியவன், நிஜ சமுத்திரத்தில் கால் நாழிகை தாக்குப் பிடிக்கவில்லை. என்ன நேர்ந்தது என்பதை வர்ணிப்பது பத்திரிகைக்கு அழகன்று. வயிறு காலியான பிறகு தலையைத் தூக்கினேன். தூரத்தில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் தெரிந்தது. எங்கள் ஊரில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான் இதையும் கட்டினான். எத்தனையோ முறை கரையிலிருந்து பார்த்த கோபுரம். கடலிலிருந்து பார்த்தபோது, வீட்டு வாசலில் யாரோ நமக்காகக் காத்து நிற்பது போலிருந்தது.

இப்போது வாரந்தோறும் படகுப் பங்கு எனக்கு வருகிறது. பெரிய தொகையன்று. பக்கத்து வீட்டுப் பெரிய படகு வஞ்சிரத்தோடு வரும் நாட்களில் அண்ணன் மகனின் முகம் வாடத்தான் செய்கிறது. அவன் சொன்னது பொய்யில்லை. தூரத்து மீன் எங்களுக்கு எட்டுவதில்லை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

சென்ற வாரம் பணத்தோடு ஒரு கூடைச் சங்கரா மீனும் வந்தது. என் மனைவி மீனை ஒவ்வொன்றாகத் திருப்பி, செவுளைத் தூக்கிப் பார்த்து, “இன்று பிடித்ததுதான்” என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு பணத்தை எண்ணிக்கொண்டே, “மற்ற மீனையெல்லாம் யாருக்கு விற்றார்களாம்?” என்று கேட்டாள்.

“ஏலத்தில் யார் அதிகம் கேட்டார்களோ, அவர்களுக்கு” என்றேன்.

அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளும் நெசவாளி வீட்டுப் பெண்தான். படகு எதற்கு என்று அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.